ஆட்டைக் கொன்றது யார்?

யாக்கோபு தம் மகன் யோசேப்பின் அங்கியைக் கையில் வாங்கிய காட்சியைத் தொடக்க நூலின் 37ஆம் அதிகாரத்தில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அங்கி முழுவதும் இரத்தம். அது வெள்ளாட்டுக் கிடாயின் இரத்தம் என்பதை அம்முதியவர் அறியார். அதைக் கொடுத்தனுப்பிய பிள்ளைகள், காட்டு விலங்கு கொன்றுவிட்டது என்று வாய் திறந்து அவரிடம் சொல்லவும் இல்லை. இது உம் மகனுடைய அங்கிதானா பாரும் என்று மட்டுமே கேட்டனர். தீர்ப்பைத் தந்தையே வழங்கிவிட்டார். கொடிய விலங்கொன்று தம் மகனைப் பீறித் தின்றுவிட்டது என்று சொல்லி, சாக்கு உடுத்திப் பல நாள் அழுதார். விவிலியத்தில் காட்டு விலங்கின்மீது விழுந்த முதல் கொலைப்பழி இது, அதுவே பொய்ப்பழி. உண்மைக் குற்றவாளிகளோ அவர் அருகிலேயே நின்று அவரைத் தேற்ற முயன்றுகொண்டிருந்தனர்.

இதே போன்றதொரு வழக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அங்குள்ள மேய்ச்சல் பண்ணைகளில் செம்மறி ஆடும் கன்றும் இறந்து கிடந்தால், கொன்றது கொயோட்டி என்னும் விலங்கே என்பது பண்ணையாளர் பலரின் முதற் சொல். அச்சொல்லை நம்பி இலட்சக்கணக்கான கொயோட்டிகள் சுடப்பட்டன; நஞ்சூட்டப்பட்டன; பொறிவைத்துப் பிடிக்கப்பட்டன. அரசுப் பணம் கோடிக்கணக்கில் செலவாயிற்று. அந்தப் பழி உண்மைதானா? எவ்வளவு உண்மை? தொலைதூர நாட்டு ஆட்டு வழக்கு நமக்கெதற்கு என்று வாசகர்கள் எண்ணலாம். நீதி எங்கே வழுவினாலும் அது நம்மைப் பற்றியும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பதால் அதை இங்கே விசாரிக்கத் துணிகிறேன்.

குற்றம் சாட்டப்பட்ட விலங்கு

கொயோட்டி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டுக் குள்ளநரியை விடச் சற்றுப் பெரியது; ஓநாயை விட மிகச் சிறியது. எடை பெரும்பாலும் பத்து முதல் இருபது கிலோ வரை. மெக்சிகோவின் பழங்குடி மொழியாகிய நாவாட்டிலில் வழங்கிய 'கொயோட்டில்' என்னும் சொல்லே ஸ்பானிய நாவில் திரிந்து இப்பெயராயிற்று.

இவ்விலங்கை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் துறவி என்பது பலர் அறியாத செய்தி. பெர்னார்தினோ தெ சாகுன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1529இல் மெக்சிகோ வந்தார். 1590இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அம்மண்ணின் முதியோரிடம் கேட்டுக் கேட்டு, அவர்தம் வாழ்வையும் அறிவையும் பன்னிரண்டு நூல்களாகத் தொகுத்தார். விலங்குகளைப் பற்றிய பதினோராம் நூலில் கொயோட்டியைப் பற்றி ஒரு கதை வருகிறது. வழிப்போக்கன் ஒருவன், கழுத்தில் பாம்பு சுற்றிக்கொண்டதால் தவித்த கொயோட்டியைக் காண்கிறான். அது அவனைத் தன் முன்காலால் அழைக்கிறது. அவன் கோலெடுத்துப் பாம்பை அடித்து அதை விடுவிக்கிறான். நன்றி மறவாத கொயோட்டி பின்னர் அவனுக்கு வான்கோழிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அவ்வான்கோழிகள் எவர் வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தன என்று நாம் கேட்கலாம்! பழங்குடியினர் இதனைத் தேவதையாகவும் கருதவில்லை, பேயாகவும் கருதவில்லை. தந்திரமும் நன்றியும் கலந்த அண்டை வீட்டாரைப் போலவே கண்டனர்.

1804இல் மேற்கு நோக்கிப் பயணம் செய்த லூயிஸ், கிளார்க் குழுவினர் இதைப் புல்வெளி ஓநாய் என்று குறித்தனர். 1823இல் தாமஸ் சே என்னும் இயற்கையியலாளர் இதற்கு இலத்தீன் பெயரிட்டார். குரைக்கும் நாய் என்பது அதன் பொருள். அதுவரை இதன்மீது பெரும்பகை எதுவும் இல்லை.

பழி பிறந்த வரலாறு

பகை பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அப்புல்வெளிகளில் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளை வேட்டைக்காரர்கள் சில பத்தாண்டுகளில் அழித்தனர். 1880களின் இறுதியில் எஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. காலியான நிலத்தில் மாடுகளும் செம்மறிகளும் நிரம்பின. புல் தாங்கும் அளவுக்கு மேலும் கால்நடைகள் ஏற்றப்பட்டன. 1886ஆம் ஆண்டின் கோடையில் புல் காய்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த குளிர்காலம் கொடும் பனியைக் கொட்டியது. உலர்புல் சேர்த்துவைக்காத பண்ணைகளில் மாடுகள் நின்ற இடத்திலேயே உறைந்து மாண்டன. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூசவெல்ட், டகோட்டாப் பகுதியில் வைத்திருந்த தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். அக்காலப் பேரிழப்பு எந்த விலங்கின் பல்லாலும் நேர்ந்ததன்று. பேராசையும் பனியும் சேர்ந்து செய்தது.

ஆயினும் பனியைச் சுட முடியாது. பேராசையைப் பொறிவைத்துப் பிடிக்க யாரும் முன்வருவதில்லை. இயற்கை இரையை இழந்த ஓநாய்கள் கன்றுகளைப் பிடித்தது உண்மை. எனவே அவற்றின்மீது போர் தொடங்கிற்று. 1915இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொன்றுண்ணிகளை ஒழிப்பதற்கென 1,25,000 டாலர் ஒதுக்கியது. அரசே ஊதியம் கொடுத்து வேட்டைக்காரர்களை அமர்த்தியது. எலோஸ்டோன் தேசியப் பூங்காவிலேயே 1926இல் கடைசி ஓநாய்கள் கொல்லப்பட்டன. ஓநாய் ஒழிந்தது, ஆயினும் ஆடுகள் சாவது நிற்கவில்லை. ஓநாய்மீது இருந்த பழி இப்போது அதன் சிறிய உறவினமாகிய கொயோட்டியின்மேல் இறங்கியது. 1931இல் கொன்றுண்ணி ஒழிப்பை நிலையான அரசுப்பணியாக்கும் சட்டம் நிறைவேறிற்று.

கருவிகள் பல. நம் ஊர் எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சை இறைச்சித் துண்டுகளில் வைத்து வயல்வெளியெங்கும் இறைத்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1080 என்னும் எண்ணால் அழைக்கப்பட்ட கொடிய நஞ்சு வந்தது. நஞ்சுண்ட இறைச்சி கொயோட்டியை மட்டும் தேடிச் சென்று கொல்வதில்லை. கழுகும் நரியும் வீட்டு நாயும் மாண்டன. 1964இல் ஸ்டார்க்கர் லியோபோல்டு தலைமையிலான குழுவும், 1971இல் ஸ்டான்லி கெய்ன் தலைமையிலான குழுவும் இத்திட்டத்தை ஆராய்ந்து, தேவைக்கு மிஞ்சிய அழிவு நடப்பதாகக் கண்டனம் செய்தன. 1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்சன் அரசு நிலங்களில் இத்தகைய நஞ்சுகளைத் தடை செய்தார். அத்தடை பின்னர் சற்றுத் தளர்த்தப்பட்டது. மண்ணில் நட்டுவைத்து, இழுத்தால் சயனைடைப் பீய்ச்சும் குழாய் ஒன்று 2017இல் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறுவனைக் காயப்படுத்தி, அவன் கண்முன்னே அவனுடைய நாயைக் கொன்றது. 2019ஆம் ஆண்டில் மட்டும் அரசுப் பணியாளர்கள் கொன்ற கொயோட்டிகள் சுமார் 62 ஆயிரம்.

இரைப்பை சொன்ன சாட்சி

குற்றவாளியின் வயிற்றையே அறுத்துப் பார்த்தால் என்ன? அதையும் செய்தார்கள். 1930களின் முதற்பாதியில் மேற்கு மாநிலங்களில் கொல்லப்பட்ட கொயோட்டிகளுள் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டவற்றின் இரைப்பைகளை அரசு ஆய்வாளர் சார்லஸ் ஸ்பெரி ஆராய்ந்து, 1941இல் முடிவை வெளியிட்டார். உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முயல். நான்கில் ஒரு பங்கு முன்னரே செத்துக் கிடந்த விலங்கின் இறைச்சி. எலி வகைகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கால்நடை என்று கணக்கிடத் தக்கது ஏழில் ஒரு பங்களவே. புல்லைத் தின்று ஆட்டோடு போட்டியிடும் முயலையும் எலியையும் தின்றதால், கொயோட்டி பண்ணையாளனுக்குத் துணையாகவும் இருந்தது என்று இதற்குப் பொருள்.

ஒலாஸ் மியூரி, அடால்ஃப் மியூரி என்னும் சகோதரர் இருவரும் இவ்வாறே எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். இளையவர் 1940இல் வெளியிட்ட எலோஸ்டோன் ஆய்வு, பூங்காவின் மான் கூட்டங்கள் குறைந்ததற்குக் கொயோட்டியே காரணம் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. மேய்ச்சல் கேடும் குளிர்காலப் பசியும் முன்னரே தளர்த்திய விலங்குகளையே அது பெரிதும் உண்டது.

ஆனால் இரைப்பைச் சாட்சியத்திலும் ஒரு குறை உண்டு. உண்டதை அது சொல்லும், கொன்றதைச் சொல்லாது. பிணத்தருகே நிற்பவனைக் கொலைஞன் என்பது எளிது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி.

கிழிபட்டதைக் கொண்டு வா

தீர விசாரிக்கும் முறையை மோசேயின் சட்டமே சொல்லியிருக்கிறது. பிறருடைய ஆட்டைப் பாதுகாக்க ஏற்றுக்கொண்டவனிடம் அது விலங்கால் பீறுண்டு போனால், பீறுண்டதைச் சான்றாகக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் அவன் ஈடு செய்ய வேண்டியதில்லை. விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் கூறும் நெறி இது. சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதின் ஒரு துண்டையோ ஆயன் பிடுங்கிக்கொண்டு வருவதாக ஆமோஸ் இறைவாக்கினர் கூறும் உவமையின் பின்னணியும் இதுவே எனலாம். அத்துண்டு ஆயனின் நேர்மைக்குச் சாட்சி. விலங்கின்மீது பழி சொல்வது ஆயனுக்கு வசதியானது என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. ஆகவே சொல்லை மட்டும் ஏற்காமல் உடலைக் கேட்டது.

இன்றைய கால்நடை மருத்துவரும் உடலையே கேட்கிறார். கொயோட்டி செம்மறியைக் கொல்வது பெரும்பாலும் தொண்டையைக் கவ்வியே. தோலை உரித்துப் பார்த்தால் தாடைக்குக் கீழே பல் பதிந்த துளைகளும், அவற்றைச் சுற்றி இரத்தம் கட்டிய கருஞ்சிவப்பும் தெரியும். உயிருள்ள உடலில்தான் இரத்தம் அவ்வாறு கட்டும். செத்த பின் கடித்த இடத்தில் தசை கிழிந்திருக்கும், இரத்தம் கட்டியிராது. அப்படியாயின் கொயோட்டி பந்திக்கு வந்ததேயன்றிக் கொலைக்கு வரவில்லை. விலாவிலும் பின்தொடையிலும் காதிலும் தாறுமாறாகக் கடியுண்டு பல ஆடுகள் ஒருங்கே கிடந்தால், பெரும்பாலும் அது அண்டை வீட்டு நாய்களின் வேலை.

பிறந்த குட்டியின் நிலை இன்னும் நுட்பமானது. குட்டியின் நுரையீரலைத் தண்ணீரில் இடுவார்கள். மிதந்தால் அது ஒரு முறையேனும் மூச்சு விட்டது. அமிழ்ந்தால் செத்தே பிறந்தது. இரைப்பையில் பால் உண்டா, குளம்பின் அடியிலுள்ள மென்படலம் நடந்து தேய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பால் குடிக்காத, எழுந்து நடக்காத குட்டியைக் கொன்றது குளிராகவோ, பிறப்பின் இடர்ப்பாடாகவோ, தாயின் பால் வற்றலாகவோ இருக்கலாம். விடியலில் பண்ணையாளர் காண்பதோ கிழிந்த உடலையும் ஓடும் கொயோட்டியையும் மட்டுமே.

கணக்கின் தீர்ப்பு

அமெரிக்க வேளாண்மைத் துறையே அவ்வப்போது பண்ணையாளர்களைக் கேட்டுக் கணக்கெடுக்கிறது. 2010ஆம் ஆண்டில் இறந்த மாடுகளும் கன்றுகளும் ஏறத்தாழ 40 இலட்சம். அவற்றுள் எல்லாக் கொன்றுண்ணிகளாலும் இறந்தவை சுமார் 2,20,000, நூற்றுக்கு ஐந்தரை. கொயோட்டியின் பங்கு 1,16,700, நூற்றுக்கு மூன்று. மூச்சுறுப்பு நோய் ஒன்றே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுபோயிற்று. இவை யாவும் பண்ணையாளர் தாமே சொன்ன கணக்குகள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செம்மறியின் கதை வேறு. இங்கே நாம் பண்ணையாளர் பக்கமும் நியாயத்தோடு நிற்க வேண்டும். 2014இல் இறந்த வளர்ந்த செம்மறிகளுள் நூற்றுக்கு 28, குட்டிகளுள் நூற்றுக்கு 36 கொன்றுண்ணிகளால் மாண்டன. குட்டிகளைக் கொன்ற விலங்குகளுள் கொயோட்டியின் பங்கு நூற்றுக்கு 64. கூட்டிப் பார்த்தால், இறந்த குட்டிகளுள் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானது கொயோட்டியால் இறந்தது. இது சிறு தொகையன்று. இழப்பு எல்லார் மேலும் சமமாக விழுவதும் இல்லை. பல பண்ணைகளில் ஒன்றும் நேராது. ஒரு சிலவற்றில் இரவுக்கு இரவு குட்டிகள் போகும். ஈற்றுக் காலம் முழுவதும் உறங்காமல் உழைத்த ஏழை ஆயனிடம் சராசரிக் கணக்கைக் காட்டி ஆறுதல் கூறுவது இரக்கமாகாது. எனவே கொயோட்டி குற்றமற்றது என்று நான் எழுதவில்லை. சாட்டப்பட்ட அளவுக்குக் குற்றவாளி அன்று என்றே எழுதுகிறேன்.

கொல்வது எந்தக் கொயோட்டி?

இன்னொரு கேள்வியும் எஞ்சுகிறது. கொயோட்டிகள் சில ஆட்டைக் கொல்கின்றன என்றால், எல்லாவற்றையும் கொல்வது தகுமா? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாப்லாண்டு ஆய்வுப் பண்ணையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அவ்விடத்தைத் தம் எல்லையாகக் கொண்டு குட்டி ஈனும் இணைகளே. எல்லையற்றுத் திரியும் இளங்கொயோட்டிகள் பெரும்பாலும் அதில் பங்குகொள்ளவில்லை. ஆனால் பொறியில் எளிதில் சிக்கியவையோ அந்த இளையவையே. குற்றம் ஒருவர் செய்ய, தண்டனை வேறொருவர்மேல் விழுந்தது. குகையிலிருந்து குட்டிகளை அகற்றியதும் தாய்தந்தை ஆடு கொல்வது வெகுவாகக் குறைந்தது என்பதையும் 1983இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இரை தேடவே அவை ஆட்டை நாடின.

மேலும், கொல்லக் கொல்ல இவ்வினம் பெருகும் இயல்புடையது. கூட்டம் குறையும்போது எஞ்சியவற்றுக்கு இரை மிகும். ஈனும் குட்டிகளின் எண்ணிக்கையும் பிழைப்பவற்றின் எண்ணிக்கையும் கூடும். இளையவையும் விரைவில் ஈனத் தொடங்கும். ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றாலும் முற்றாக அழிக்க ஐம்பது ஆண்டுகள் ஆகும் என்று கானலி, லாங்ஹர்ஸ்ட் என்போர் 1975இல் கணக்கிட்டனர். ஓநாய் இல்லாத நிலத்தில் கொயோட்டி பரவி, அட்லாண்டிக் கரையையும் பனாமாவையும் எட்டிவிட்டது. ஒழிக்கத் தொடங்கிய போர் வளர்த்துவிட்டது.

மந்தை குறைந்த காரணம்

1942இல் அமெரிக்காவில் செம்மறிகள் ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம். 2024இல் சுமார் 50 இலட்சம். இத்துணை பெரிய வீழ்ச்சிக்கும் கொயோட்டியையே காரணம் காட்டியோர் பலர். கிம் பெர்கர் என்னும் ஆய்வாளர் 1920 முதல் 1998 வரையிலான கணக்குகளைச் சோதித்து 2006இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்று சொல்கிறது. உலர்புல் விலை, வேலையாட்களின் கூலி, குட்டியின் சந்தை விலை ஆகியவையே வீழ்ச்சியின் பெரும்பகுதிக்குக் காரணம். கொயோட்டி இல்லாதிருந்த கிழக்கு மாநிலங்களிலும் மந்தைகள் அருகின. செயற்கை இழை வந்ததால் கம்பளி மலிந்தது. மக்கள் ஆட்டிறைச்சி உண்பது குறைந்தது.

கடனாலும் சந்தையாலும் நொடித்த ஒரு மனிதர் தம் வேலியோரத்தில் காணக்கூடிய பகைவன் கொயோட்டி ஒன்றுதான். சந்தைக்கு முகம் இல்லை. கொயோட்டிக்கு முகம் உண்டு, அது சுடத்தக்கது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்போம். இங்கோ, ஆட்டின் விலையை வீழ்த்தியோர் ஓநாயைக் காட்டி அழுதனர்.

நல்ல ஆயன்

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை இந்த வரலாற்றின் ஒளியில் மீண்டும் வாசித்தேன். அங்கே ஓநாய் வருகிறது, பறிக்கிறது, மந்தையைச் சிதறடிக்கிறது. ஆண்டவர் அதை மறைக்கவில்லை. ஆனால் ஓநாயை வேட்டையாடும்படி அவர் சொல்லவும் இல்லை. அவருடைய கண்டிப்பு முழுவதும் ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டோடும் கூலியாள்மீது விழுகிறது. அவர் கேட்பது, அந்நேரத்தில் ஆயன் எங்கே இருந்தான் என்பதே.

1970களிலிருந்து அமெரிக்கப் பண்ணையாளருள் பலர் இக்கேள்விக்குச் செயலால் விடை கூறினர். ரேமண்ட் காப்பிங்கர் போன்றோர் ஐரோப்பாவிலும் துருக்கியிலும் ஆயர்கள் நெடுங்காலமாக வளர்த்துவந்த காவல் நாயினங்களைக் கொண்டுவந்தனர். குட்டிப் பருவம் முதல் ஆடுகளோடே வளரும் அந்நாய்கள் மந்தையைத் தம் குடும்பமாகக் கொள்கின்றன. ஈற்றுக் காலத்தில் தாய்களைக் கொட்டிலில் அடைத்தல், இரவில் கிடைபோட்டுக் காத்தல், வேலியைச் செப்பமிடல், செத்த உடலைப் புதைத்து ஆட்டிறைச்சியின் ருசியை விலங்குக்குப் பழக்காதிருத்தல் ஆகிய பழைய வழிகள் மீண்டும் வந்தன. கலிபோர்னியாவின் மாரின் மாவட்டம் 2000ஆம் ஆண்டையொட்டி அரசுப் பொறிகளை நிறுத்தி, அப்பணத்தை வேலிக்கும் காவல் விலங்குகளுக்கும் கொடுக்கத் தொடங்கிற்று. இவ்வழிகள் இழப்பை முற்றாக நீக்கிவிடவில்லை. ஆனால் ஆயனை மந்தையின் அருகே திரும்பக் கொண்டுவந்தன. குபியோ நகரைக் கலங்கடித்த ஓநாயிடம் புனித பிரான்சிஸ் அசிசியார் சென்ற கதையை நாம் அறிவோம். அதன் குற்றத்தை அவர் மறுக்கவில்லை. அதன் பசியையும் கேட்டறிந்தார்.

யாக்கோபைப் பற்றி ஒரு சொல் மீதமுண்டு. இளமையில் அவர் தம் மாமன் லாபானின் ஆடுகளை இருபது ஆண்டுகள் மேய்த்தார். பகல் வெயிலும் இரவுக் குளிரும் அவரை வாட்டின. விலங்கு பீறியதை அவர் மாமனிடம் கொண்டுசென்று காட்டாமல், தாமே இழப்பை ஏற்றார். பீறுண்ட உடல் எப்படியிருக்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? ஆயினும் துயரம் நெஞ்சை அடைத்த நாளில் அவரும் அங்கியைத் திருப்பிப் பார்க்கவில்லை. துணி பல்லால் கிழிந்திருக்கிறதா, எலும்பு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒருவேளை, யோசேப்பு எகிப்தை அடையுமுன்பே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் ஏதேனும் ஒன்று காணாமற்போகும். ஏதேனும் ஒன்று உடையும். உடனே ஒரு பெயர் நம் நாவில் வரும். பெரும்பாலும் அது ஏற்கெனவே கெட்ட பெயர் பெற்ற ஒருவருடைய பெயராகவே இருக்கும். அப்பெயரைச் சொல்லுமுன் இரத்தக்கறை யாருடைய இரத்தம் என்று ஒருமுறை பார்ப்போம். அந்த இரவில் நாம் எங்கே இருந்தோம் என்பதையும் கேட்டுக்கொள்வோம்.